டியோர் ஆடை இல்லத்தின் படைப்புத் தலைமை

கிறிஸ்டியன் டியோர் ஆடை இல்லம் 1946 டிசம்பரில், பாரிஸ் நகரின் அவென்யூ மோன்தேன் 30ஆம் எண் கட்டடத்தில் தொடங்கப்பட்டது. ஆடை வடிவமைப்பாளர் ஒருவர் தையற்காரர்கள், ஓவியர்கள், எம்பிராய்டரிக் கலைஞர்கள், விற்பனையாளர்கள் ஆகியோர் அடங்கிய பெரிய குழுவை எவ்வாறு வழிநடத்துகிறார் என்பதை அறிய விரும்புவோருக்கு இந்த இல்லத்தின் வரலாறு சிறந்த பாடம். நிறுவனர் தம் பெயரில் காட்சிகள் நடத்தியது சுமார் பத்தாண்டுகள்தான். 1957இல் அவர் மறைந்த பின் ஏழு பேர் அடுத்தடுத்து அவர் இடத்துக்கு வந்தார்கள். ஒவ்வொருவரின் ரசனையும் வேலை முறையும் வேறு. ஆனாலும் வெட்டும் தையலும் இல்லத்தின் தரத்தில் நிலைத்தன. அந்தத் தொடர்ச்சியைக் காத்தது தையற்கூடம்.

பணியின் இயல்பு

ஆடை இல்லத்தின் வடிவமைப்புப் பொறுப்பு முழுவதையும் ஏற்பவர் இன்று படைப்பு இயக்குநர் எனப்படுகிறார். ஒரு பருவத்தின் தொகுப்பு எதைப் பேச வேண்டும் என்று முடிவு செய்வது, துணியையும் நிறத்தையும் தேர்வது, வரைபடங்களில் எது ஆடையாக வேண்டும் என்று தீர்மானிப்பது, மாதிரிகளைத் திருத்துவது, காட்சியை நடத்துவது ஆகியவை அவருடைய வேலைகள். ஊசியை அவர் கையில் எடுப்பது அரிது. தம் மனத்தில் இருப்பதை மற்றவர் கைகளால் பிறக்கச் செய்வதே அவர் திறமை. ஆகவே அவர் என்ன வரைகிறார் என்பதோடு, யாரிடம் கொடுக்கிறார், எப்படிச் சொல்கிறார், எப்போது திருத்துகிறார் என்பதும் ஆடையின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

பின்னணி

தையற்காரர் வாடிக்கையாளர் சொன்னபடி தைத்துக்கொடுப்பவர் என்ற நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர், இங்கிலாந்தில் பிறந்து 1858இல் பாரிஸில் கடை திறந்த சார்லஸ் ஃபிரெடரிக் வொர்த். தாமே வடிவங்களை உருவாக்கி முன்வைத்து, ஆடைக்குள் தம் பெயர் பொறித்த லேபிளையும் தைத்தார். ஓவியர் கையொப்பமிடுவதுபோல் வடிவமைப்பாளரும் தம் பெயரை இடும் வழக்கம் இப்படி வேரூன்றியது. அந்தப் பெயருக்குப் பின்னால் உழைத்த கைகள் வாடிக்கையாளர் கண்ணிலிருந்து மறையத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான்.

டியோர் 1905இல் நார்மண்டியின் கிரான்வில் நகரில் பிறந்தவர். ஓவியக் கூடம் நடத்திப் பார்த்தார். பின்னர் ஆடை வரைபடங்களை விற்றுப் பிழைத்தார். ரோபேர் பிகே, லூசியன் லெலோங் ஆகியோரிடம் வடிவமைப்பாளராக வேலை செய்தபோது பெரிய தையற்கூடத்தின் ஒழுங்கை உள்ளிருந்தே கற்றார். பருத்தித் துணி உற்பத்தியில் கோலோச்சிய மார்செல் பூசாக் முதலீடு செய்ய முன்வந்தபோது, தம் பெயரிலேயே புதிய இல்லம் வேண்டும் என்று டியோர் கேட்டுப் பெற்றார்.

டியோர் சேர்த்த குழு

முதல் தொகுப்பு வெளிவருமுன்பே டியோர் செய்த மிக முக்கியமான வேலை, ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. தமக்குக் கைவராத திறமைகள் யாரிடம் இருக்கின்றன என்று பார்த்து அவர்களை அழைத்தார். லெலோங் இல்லத்திலிருந்து வந்த ரேமோன்ட் ஸெனாக்கர் வடிவமைப்புக்கூடத்தின் நிர்வாகத்தை ஏற்றார். டியோருக்கு வரும் தயக்கங்களையும் சோர்வுகளையும் புரிந்துகொண்டு வேலையை நகர்த்தியவர் இவர். மார்கெரித் கரே தையற்கூடங்களின் தொழில்நுட்பத் தலைவி. காகிதத்தில் உள்ள கோடு துணியில் எப்படி நிற்கும் என்பதற்கு விடை அவரிடம் இருந்தது. மித்ஸா பிரிக்கார் தொப்பிகளைக் கவனித்ததோடு, எது மிகை எது போதும் என்று சொல்லும் கண்ணாகவும் இருந்தார். கிரான்வில் காலத்து நண்பரான சுஸான் லூலிங் விற்பனையையும், ஜாக் ருவே நிர்வாகத்தையும் ஏற்றனர்.

கற்பனை, செயல்நுட்பம், ரசனை, வணிகம் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பாளர் இருந்ததால், எல்லாவற்றையும் தானே அறிந்தவர்போல் நடந்துகொள்ள வேண்டிய தேவை டியோருக்கு ஏற்படவில்லை. இந்த உதவியாளர்களைப் பற்றித் தம் தன்வரலாற்று நூலில் நன்றியோடு விரிவாக எழுதியிருக்கிறார்.

1947 பிப்ரவரி 12 அன்று முதல் தொகுப்பு வெளிவந்தது. ஹார்ப்பர்ஸ் பஜார் இதழின் ஆசிரியர் கார்மெல் ஸ்னோ சொன்ன 'நியூ லுக்' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அந்தத் தொகுப்பின் அடையாளமான 'பார்' உடையில் இடுப்பை ஒட்டி இறுகி, அதற்குக் கீழே விரியும் வெளிர்நிறப் பட்டு மேற்சட்டையும், கொசுவம் வைத்த கறுப்புக் கம்பளிப் பாவாடையும் இருந்தன. பஞ்சு வைத்துத் திரட்டிய இடுப்பு வளைவும் உள்ளே மறைந்திருந்த தாங்கு தையலும் தையற்கூடத்தின் கைவேலை. அப்போது அந்த இல்லத்தின் தையற்கூடத்தில் பணியாற்றியவர்களில் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பியர் கார்டானும் ஒருவர்.

வரைபடம் ஆடையாகும் வழி

டியோரின் வேலை முறை ஒவ்வொரு பருவத்திலும் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் நடந்தது. முதலில் நாட்டுப்புற வீட்டுக்குச் சென்று தனித்திருந்து, நூற்றுக்கணக்கான சிறு வரைபடங்களைத் தீட்டுவார். அவற்றில் தேறியவற்றோடு பாரிஸ் திரும்பியதும் வேலை குழுவின் கைக்கு மாறும். மார்கெரித் கரே, எந்த வரைபடம் எந்தத் தலைமைத் தையற்காரரின் கைக்குப் பொருந்தும் என்று பார்த்துப் பகிர்ந்தளிப்பார். ஒருவர் கறாரான வெட்டில் தேர்ந்தவர். இன்னொருவர் துணியை அதன் போக்கில் விழவிடுவதில் வல்லவர். இந்தப் பொருத்தத்தில் தவறினால் நல்ல வரைபடமும் உயிரில்லாத ஆடையாகிவிடும்.

அடுத்து, சாயமேற்றாத காடாத்துணியில் மாதிரி தைப்பார்கள். நிறம், பளபளப்பு, எம்பிராய்டரி எதுவும் இல்லாததால் வெட்டின் குறை நிறை இதில் மறைக்க வழியின்றித் தெரியும். வெள்ளை மேலங்கி அணிந்த டியோர், கையில் நீண்ட கோலுடன் நாற்காலியில் அமர்ந்திருப்பார். மாதிரியை அணிந்த பெண் நடந்து வருவார். தோள் தையல் அரை விரல் பின்னே போக வேண்டுமென்றால் கோலின் நுனியால் அந்த இடத்தைக் காட்டுவார். தையற்காரர் அங்கேயே குண்டூசி குத்தி, தையலைப் பிரித்து, மறுபடி பொருத்துவார். வடிவமைப்பாளரின் சொல்லுக்கும் தையற்காரரின் கைக்கும் இடையே நடக்கும் இந்தப் பேச்சுதான் படைப்புத் தலைமையின் மையம். 'இது சரியில்லை' என்ற பொதுவான சொல் இங்கே உதவாது. எந்தத் தையல், எந்தப் பக்கம், எவ்வளவு என்று சுட்டிச் சொல்லத் தெரிய வேண்டும்.

மாதிரி தேறிய பின்பே உண்மையான துணி தேர்வாகும். ஒவ்வோர் ஆடையின் பெயர், துணித் துண்டு, அணியும் மாடல், தைக்கும் கூடத்தின் தலைவர் ஆகிய விவரங்கள் தொகுப்பு அட்டவணையில் பதியப்படும். வெளியே ஒரே பெயர் அறியப்பட்டாலும், இல்லத்தின் ஆவணத்தில் அந்த ஆடை இன்னாருடைய கூடத்தில் பிறந்தது என்ற பதிவு இருந்தது.

தையற்கூடத்தின் படிநிலை

பாரிஸ் ஆடை இல்லங்களில் தையற்கூடம் இரண்டு வகைப்படும். மென்துணியில் உடையும் கவுனும் உருவாவது 'ஃப்ளூ' கூடம். கோட்டும் மேற்சட்டையும் கான்வாஸ், லைனிங் கொடுத்துத் தைக்கப்படுவது 'தய்யேர்' கூடம். ஒவ்வொன்றுக்கும் தலைவராக 'பிரெமியேர்' எனப்படும் தலைமைத் தையற்காரரும் அவருக்கு அடுத்து 'செகோந்த்' எனப்படும் துணைத் தலைவரும் உண்டு. அவர்களுக்குக் கீழே அனுபவ வரிசைப்படி கைத்தையற்காரர்கள் அமர்வார்கள். கடைசிப் படியில் இருப்பவர்கள் வேலை பழகுவோர்.

வடிவமைப்பாளர் பெரும்பாலும் பிரெமியேர் வழியாகவே பேசுகிறார். கூடத்தில் யாருக்கு ஹெம்மிங் கை சுத்தம், யாருக்குப் பட்டு வசப்படும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். 1945 முதல் பிரான்சில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற 'ஓத் கூத்யூர்' என்ற பெயரைப் பயன்படுத்த, அளவெடுத்துத் தைப்பதோடு பாரிஸில் சொந்தத் தையற்கூடமும் வேண்டும். ஆகவே இந்தப் படிநிலை அந்தத் தகுதியோடு பிணைந்தது.

நவம்பர் 25, புனித கேத்தரின் நாள், தையற்கூடங்களுக்குத் திருவிழா. 25 வயதான, மணமாகாத பெண்கள் பச்சையும் மஞ்சளும் கலந்த தொப்பி அணிவார்கள். டியோர் அன்று ஒவ்வொரு கூடத்துக்கும் நேரில் சென்று வாழ்த்துவார்.

1957: தலைமை கைமாறியது

1957 அக்டோபர் 24 அன்று இத்தாலியின் மோன்டெகட்டினியில், 52ஆம் வயதில், மாரடைப்பால் டியோர் இறந்தார். அடுத்த காட்சிக்குச் சுமார் மூன்று மாதங்களே இருந்தன. 1955 முதல் உதவியாளராக இருந்த இவ் சான் லோரான் 21 வயதில் பொறுப்பேற்றார். ஓரான் நகரில் பிறந்த அந்த இளைஞரின் திறமையை டியோர் முன்பே அறிந்து, அவர் வரைபடங்களைத் தொகுப்புகளில் சேர்த்திருந்தார். 1955இல் ரிச்சர்ட் அவிடன் எடுத்த, யானைகளுக்கு நடுவே மாடல் டொவிமா நிற்கும் புகழ்பெற்ற படத்தில் அவர் அணிந்திருந்த டியோர் உடை சான் லோரான் வடிவமைத்தது.

1958 ஜனவரியில் அவர் காட்டிய 'டிரப்பீஸ்' தொகுப்பு, இறுகிய இடையை விட்டுவிட்டுத் தோளிலிருந்து விரிந்து இறங்கும் வடிவத்தைக் கொண்டுவந்தது. ரேமோன்ட், மார்கெரித், மித்ஸா ஆகியோரும் தையற்கூடங்களும் அப்படியே தொடர்ந்ததால்தான் அவ்வளவு இளையவரால் குறுகிய காலத்தில் முழுத் தொகுப்பைத் தர முடிந்தது. தாம் இல்லாமலும் வேலை செய்யக்கூடிய குழுவை டியோர் விட்டுச் சென்றிருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1960இல் கறுப்புத் தோல் மேற்சட்டைகளோடு சான் லோரான் காட்டிய தொகுப்பு இல்லத்தின் பழைய வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. அதே ஆண்டு அவர் ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட, மார்க் போஆன் பொறுப்பேற்று 1989 வரை நீடித்தார். அவருக்குப் பின் கட்டடக்கலை பயின்ற இத்தாலியர் ஜான்ஃபிராங்கோ ஃபெர்ரேயும், 1996இல் ஜான் கலியானோவும் வந்தனர். நாடகத்தன்மை மிக்க காட்சிகளால் இல்லத்தை மீண்டும் பேச்சுப் பொருளாக்கிய கலியானோ, யூத வெறுப்புப் பேச்சு காரணமாக 2011இல் நீக்கப்பட்டார். அடுத்த இயக்குநர் வரும்வரை வடிவமைப்புக் குழுவே பில் கேய்ட்டன் தலைமையில் தொகுப்புகளை நடத்தியது.

ராஃப் சிமன்ஸின் முதல் தொகுப்பு

2012இல் பொறுப்பேற்ற பெல்ஜியரான ராஃப் சிமன்ஸ், தொழிற்பொருள் வடிவமைப்பு படித்து, ஆண்கள் ஆடையில் பெயர் பெற்றவர். முதல் ஓத் கூத்யூர் தொகுப்புக்கு அவருக்குக் கிடைத்தது சுமார் எட்டு வாரம். ஃபிரெடெரிக் செங் இயக்கிய 'டியோர் அண்ட் ஐ' என்ற 2014ஆம் ஆண்டு ஆவணப்படம் அந்த வாரங்களை அருகிருந்து காட்டுகிறது.

சிமன்ஸ் தாமே வரைபவரல்லர். படங்களும் குறிப்புகளும் கொண்ட கோப்புகளைக் குழுவிடம் கொடுக்க, அவர்கள் வரைந்து வருவதிலிருந்து தேர்ந்தெடுத்தார். கூடத்தின் மொழியான பிரெஞ்சு அவருக்குச் சரளமாக வராது. நீண்டகால உதவியாளர் பீட்டர் முலியே தையற்காரர்களோடு உரிமையோடு பழகி, இரு தரப்புக்கும் பாலமானார். ஓவியர் ஸ்டெர்லிங் ரூபியின் படைப்புகளைப் பாவு நூலிலேயே அச்சிட்டு நெய்ய வேண்டும் என்று சிமன்ஸ் வற்புறுத்தியதும், நேரமில்லை என்ற பதிலோடு முட்டி மோதி அதைச் சாதித்ததும் படத்தில் இடம்பெறுகின்றன.

ஒரு கட்டத்தில், ஆடைகளைப் பார்க்க சிமன்ஸ் காத்திருக்கிறார். ஃப்ளூ கூடத்தின் தலைவியோ வாடிக்கையாளர் ஒருவரின் உடையைச் சரிசெய்ய நியூயார்க் போயிருக்கிறார். சிமன்ஸுக்கு வந்த கோபம் நியாயமானது. வாடிக்கையாளரைக் காக்க வைக்க முடியாது என்ற நிர்வாகத்தின் நிலையும் நியாயமானதே. ஒரே கூடம் கனவுக்கும் கடைக்கும் சேர்த்து உழைக்கிறது என்பதைப் புதிதாக வரும் எந்தத் தலைவரும் முதலில் புரிந்துகொண்டாக வேண்டும்.

இல்லத்துக்கு வெளியே உள்ள கைகள்

எம்பிராய்டரி, இறகு வேலை, காலணி முதலியவை பெரும்பாலும் வெளிப் பட்டறைகளில் உருவாகின்றன. டியோர் காலத்தில் ரெபே போன்ற எம்பிராய்டரி இல்லங்களும் காலணிக் கலைஞர் ரோஜே விவியேவும் இப்படித் துணை நின்றனர். 2016இல் வந்த மரியா கிராட்சியா கியூரி, டியோர் மகளிர் ஆடைப் பிரிவின் முதல் பெண் படைப்பு இயக்குநர். மும்பையின் சாணக்கியா பட்டறையோடு அவர் நெடுங்காலம் சேர்ந்து வேலை செய்தார். தமிழ்நாட்டுத் தையற்கடைகளிலும் பழக்கமான ஆரி ஊசி வேலை அங்கு நடப்பவற்றுள் ஒன்று.

2023 மார்ச் 30 அன்று மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்பு டியோர் காட்சி நடந்தது. சாணக்கியாவின் கலைஞர்கள் உருவாக்கிய பெருந்தோரணம் அங்கே தொங்கியது. ஐரோப்பிய ஆடம்பர ஆடைகளின் கைவேலை இந்தியாவில் செய்யப்படுவது நெடுங்காலமாக நடந்துவந்தாலும், அதை மறைக்காமல் பட்டறையின் பெயரோடு முன்வைத்தது கியூரியின் தலைமையில் போற்றத்தக்க பகுதி. உழைத்தவரின் பெயரைச் சொல்வதும் படைப்புத் தலைவரின் கடமைகளில் ஒன்று.

பணிச்சுமை

டியோர் காலத்தில் முதன்மையான தொகுப்புகள் ஆண்டுக்கு இரண்டு. சிமன்ஸ் காலத்தில் மகளிர் பிரிவுக்கு மட்டும் ஆண்டுக்கு ஆறு. யோசனை மனத்தில் ஊறி முதிர்வதற்கு நேரமே கிடைப்பதில்லை என்று வெளிப்படையாகப் பேசிய சிமன்ஸ் 2015இல் விலகினார். தலைவருக்கு நேரம் குறைந்தால், மாதிரி பார்க்கும் முறைகளும் குறைகின்றன. திருத்தங்கள் கடைசி இரவுகளுக்குத் தள்ளப்படுகின்றன. சுமை கைத்தையற்காரரின் தலையில் விடிகிறது. அளவான காலத்தைக் கேட்டுப் பெறுவதும் குழுவைக் காக்கும் தலைமைப் பண்பே.

2025இல் கியூரி விலகியதும், மகளிர், ஆடவர், ஓத் கூத்யூர் ஆகிய மூன்றுக்கும் வட அயர்லாந்தைச் சேர்ந்த ஜொனாதன் ஆண்டர்சன் பொறுப்பேற்றார்.

மதிப்பீடு

டியோர் இல்லத்தின் வரலாற்றில் வென்ற தலைவர்களின் வழிகள் ஒன்றுபோல் இல்லை. ஒருவர் தனித்திருந்து வரைந்தார். ஒருவர் வரையவே இல்லை. ஒருவர் ஆசானிடமிருந்து கற்றார். ஒருவர் வெளியிலிருந்து வந்தார். எனினும் மூன்று பண்புகள் இந்த வரலாறு முழுவதும் தென்படுகின்றன: தம்மிடம் இல்லாத திறமையை மதித்து அருகில் வைத்துக்கொள்வது, கைக்குப் புரியும்படி தெளிவாகத் திருத்துவது, இளையவரின் வேலைக்கு இடம் கொடுப்பது. கிறிஸ்டியன் டியோர் இவற்றைத் தொடக்கத்திலேயே வழக்கமாக்கினார். அவர் வரைந்த பாவாடை வடிவம் சில ஆண்டுகளில் பழசாயிற்று. அவர் வகுத்த வேலை முறை இன்றும் அவர் பெயருள்ள கூடங்களில் நடைமுறையில் இருக்கிறது. வடிவமைப்பாளராக விரும்பும் மாணவர்கள் அவருடைய வரைபடங்களோடு அந்த வேலை முறையையும் பயில வேண்டும்.