எட்டுத் தந்தியும் ஐந்து தந்தியும்

பெங்களூருவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பரண்களைத் துழாவினால், டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு சிறு வரலாறாவது அகப்படும். எங்கள் அல்சூர் வீட்டுப் பரணில் அகப்பட்டது, காலஞ்சென்ற என் தந்தையார் 1970களில் வாங்கிய மாண்டலின். ஒலித்துளைக்குள் 'சுஸுகி, நகோயா, ஜப்பான்' என்ற சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாண்டலின் இத்தாலியில் பிறந்த வாத்தியம். நேப்பிள்ஸ் நகரத்து மாண்டலினுக்கு வீணைக் குடம்போல உருண்ட முதுகு. அதைத் தட்டையாக்கினால் செய்வதும் சுலபம், மடியிலும் வழுக்காது. எங்களுடையது தட்டை முதுகு. மசாகிச்சி சுஸுகி என்பவர் 1887இல் நகோயாவில் தொடங்கிய வயலின் தொழிற்சாலை மாண்டலினும் செய்தது. குழந்தைகளுக்கான 'சுஸுகி முறை' வயலின் பயிற்சியை வகுத்த ஷினிச்சி இவர் மகனே.

பழுது பார்க்கக் கொடுத்தேன். மேற்பலகையில் மயிரிழை விரிசல். முறுக்காணிகள் துருவேறி இறுகிக் கிடந்தன. பட்டறைக்காரர் விரிசலை ஒட்டி, ஆணிகளுக்கு எண்ணெய் விட்டு, பன்னிரண்டாம் மெட்டில் சுருதி சரியாக நிற்கும்படி குதிரையை நகர்த்தி வைத்தார். பிறகு கேட்டார்: "எட்டுக் கம்பியும் போடட்டுமா சார்? இல்ல, ஸ்ரீநிவாஸ் மாதிரி அஞ்சாக்கிடலாமா? பாப்பா கர்நாடக சங்கீதம்தானே கத்துக்குது?"

பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கேள்வியில் நியாயம் இருந்தது. மாண்டலினுக்கு வயலினைப் போல நான்கு சுருதி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரட்டைத் தந்தி. கமகத்துக்காக இழுத்தால் இரண்டும் ஒன்றுபோல் நிற்பது கடினம். மீட்டிய நாதமும் சீக்கிரம் அடங்கிவிடும். ஆந்திரத்துப் பாலக்கொல்லுவில் 1969இல் பிறந்த யு. ஸ்ரீநிவாஸின் குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. பாடிக் காட்டுவார், சிறுவன் வாசிப்பான். அந்தக் குரலின் வளைவுகளை எட்டத்தான் ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின் மாண்டலின் பிறந்தது. 1978இல் குடிவாடாவில் அரங்கேறியவர், 2014 செப்டம்பர் 19இல் மறைந்தார்.

இதற்கு நேர்மாறான கதை நம் கர்நாடகத்திலேயே உண்டு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று மைசூர் சௌடையா (1895–1967) நான்கு தந்தி வயலினை ஏழு தந்தியாக்கினார். மல்லேசுவரம் பக்கம் வயலின் வடிவிலேயே நிற்கும் மண்டபம் அவர் நினைவாகத்தான். ஒருவர் கூட்டினார், ஒருவர் குறைத்தார். இருவருமே தத்தம் சங்கீதத்தின் தேவைக்காகச் செய்தார்கள்.

என் தந்தையாரின் தேவை வேறு. ஆலை வேலை முடிந்து வந்து, திண்ணையில் சினிமாப் பாட்டு வாசிப்பார். அதற்கு அந்த இரட்டைத் தந்தியின் சிலிர்ப்பு போதும். "எட்டுமே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

மகளுக்குச் சற்று வருத்தம்தான். "கமகம் வரமாட்டேங்குதேப்பா" என்றாள். அவளுக்கு ஐந்து தந்தி மாண்டலின் ஒன்று தனியே வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று மாலை அவள் மீட்டியபோது, அடுப்படியிலிருந்து என் அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "யாருடா வாசிக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.