சமமாக விழுந்த வாக்குகளும் குடத்தில் போட்ட ஓலைகளும்

 

அண்மையில் பெரகலப் பக்கத்துச் சங்கமொன்றில் தலைவர் தெரிவு நடந்தது. இருவருக்கும் வாக்குகள் சரிசமம். யாப்பைப் புரட்டினோம், அதுபற்றி ஒரு வரிகூட இல்லை. "சீட்டுக் குலுக்குவோம்" என்றார் ஒருவர். "சங்கம் என்ன சூதாட்டக் கூடமா?" என்று எழுந்தார் இன்னொருவர். கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. அன்று கோபித்துக்கொண்டு போன பலர் இன்னும் சந்தா கட்டவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

சீட்டெடுப்பு நமக்குப் புதிதல்ல. காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. ஆண்டுகள் 919, 921. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். குடம் வெறுமை என்பதைச் சபையோர் எல்லோரும் காணும்படி முதலில் தூக்கிக் காட்டினார்கள். விபரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு எல்லோரும் கேட்க உரக்க வாசிக்க வேண்டும். இதுதான் குடவோலை முறை.

ஆனால் எல்லோருடைய பெயரும் குடத்துக்குள் போகவில்லை. வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவருக்கும் அவரது உறவினருக்கும் இடமில்லை. அது பிராமணர் சபை. பெண்களோ உழைப்பாளிகளோ அதில் இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் ஒழுங்கை: முதலில் தகுதி, பிறகுதான் சீட்டு.

இன்றைய சட்டமும் இதை ஏற்கிறது. ஜனாதிபதித் தேர்தலில்கூட வாக்குகள் சமமாகி, ஒரு வாக்கே முடிவைத் தீர்மானிக்கும் நிலை வந்தால் திருவுளச்சீட்டு மூலம் தீர்க்க வேண்டும் என்கிறது நமது அரசியலமைப்பின் 94ஆம் உறுப்புரை. 2017 மும்பை மாநகராட்சித் தேர்தலில் 220ஆம் வட்டாரத்தில் இருவருக்கும் தலா 5,946 வாக்குகள், சீட்டெடுத்தே முடிவானது. அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் ஒரு தொகுதியில் தலா 11,608 வாக்குகள். 2018 ஜனவரி 4இல் ஒரு கிண்ணத்திலிருந்து பெயர் எடுத்தார்கள். அந்த ஒரு சீட்டு சபையின் பெரும்பான்மையையே தீர்மானித்தது.

இது சூதா? சூதில் பணயப் பொருள் உண்டு. ஒருவர் இழப்பதை மற்றவர் எடுப்பார். இங்கே யாரும் எதையும் பணயம் வைப்பதில்லை. மர்யம் (அலை) அவர்களை யார் பொறுப்பேற்பது என்பதற்குப் பேனாக்களை எறிந்து முடிவுசெய்ததைக் குர்ஆனில் ஓதியிருக்கிறோம்.

1948, 1949 சட்டங்களால் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்த மலையக மக்களுக்கு ஒரு வாக்கின் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வாக்குகளை ஒழுங்காக எண்ணி, அவை சமமாக விழுந்த பிறகு சீட்டெடுப்பது அவற்றை அவமதிப்பதாகாது. விதியில்லாமல் சண்டை பிடித்துச் சங்கத்தை உடைப்பதுதான் அவமதிப்பு.

தலைவருக்கு மேலதிக வாக்குக் கொடுக்கலாமே என்பார்கள். தலைவரே வேட்பாளராக நின்றால் அதை யார் ஏற்பார்?

ஆகவே மரண உதவிச் சங்கமோ, பள்ளிவாசல் நிர்வாகமோ, கோயில் சபையோ, விளையாட்டுக் கழகமோ, அடுத்த பொதுக்கூட்டத்தில் யாப்பில் இந்த ஒரு வரியைச் சேருங்கள்: வாக்குகள் சமமானால், சபை முன்னிலையில், சிறுபிள்ளையொன்றின் கையால் திருவுளச்சீட்டு. வாக்கெடுப்புக்கு முன்பே எழுதுங்கள். எண்ணி முடிந்த பிறகு எழுதும் எந்த விதியையும் தோற்றவர் நம்பமாட்டார்.