புகழ்வோர் பொறுப்பு

பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார் என்று எழுத மனம் ஒப்பாத இடத்தில், 'புகழுடம்பு எய்தினார்' என்று எழுதுவது நம்மவர் வழக்கம். பூதவுடல் அழிந்த பின்னும் வேறோர் உடல் எஞ்சி நிற்கிறது என்னும் இந்த ஆறுதலுக்குள்ளே, புகழ் என்பது அதைப் பெற்றவரின் உடைமை, அவர் தேடிச் சேர்த்துவைத்த ஆஸ்தி என்னும் அபிப்பிராயமும் அடங்கியிருக்கிறது. புகழைச் சம்பாதித்தார், புகழை இழந்தார் என்று பணத்தைப் பற்றிப் பேசுவது போலவே அதைப் பற்றியும் பேசுகிறோம். சொல்லின் இயல்பை நோக்கினாலோ விஷயம் வேறாகத் தோன்றுகிறது. புகழ் என்னும் பெயர், புகழ்தல் என்னும் வினையின் முதனிலையே அன்றி வேறன்று. இசை என்று சொன்னாலும் அது ஒலிதானே. ஒலி எழுப்புகிறவனிடத்தும் கேட்கிறவனிடத்தும் அல்லாமல் வேறெங்கே தங்கும்? வடமொழிக் கீர்த்தியும் எடுத்துச் சொல்லுதல் என்னும் பொருளுடைய அடியிற் பிறந்து, கீர்த்தனம் என்பதற்கு உடன்பிறப்பாக நிற்கிறது. ஆகவே, புகழப்பட்டவரின் தகுதியை மாத்திரம் ஆராய்வது பாதி ஆராய்ச்சிதான் என்றும், புகழ்ந்தவர்கள் யார், எதை அறிந்து புகழ்ந்தார்கள், அதற்காக எதைக் கொடுத்தார்கள் என்று கேட்கும்போதுதான் அதன் லக்ஷணம் முழுவதும் புலப்படும் என்றும் யான் கருதுகிறேன்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கத்தைச் சூழ்ந்த ஊர்களிலே பல்லவர் காலத்து நடுகற்கள் மிகுதி. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று, மகேந்திரவர்மனுடைய ஆட்சியில், ஆநிரைச் சண்டையில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்டது. அவன் உருவத்துக்கு அருகே அவனுடைய நாயையும் சிற்பி செதுக்கியிருக்கிறான். அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர் என்பதையும், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பதையும் வட்டெழுத்து நமக்குச் சொல்கிறது. நிகரற்றது என்றோ, வீரத்திற் சிறந்தது என்றோ ஓர் அடைமொழியும் அங்கே இல்லை. பெயர் இன்னது, செய்த காரியம் இன்னது, கடிபட்டவர் இத்தனை பேர்: அவ்வளவே. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சேவல் ஒன்றுக்கும் இப்படிக் கல் நட்டிருக்கிறார்கள். நாய்க்கும் சேவலுக்கும் புகழ் ஆசை இருந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே ஆசை முழுவதும் ஊராருடையது. தக்க கல்லைத் தேடிக் காண்பது முதல், நீராட்டுவதும் நடுவதும் உட்பட வாழ்த்துவது வரை தொல்காப்பியம் ஆறு துறைகளாக வகுத்துரைக்கும் அத்தனை உழைப்பும் புகழ்ந்தவர்களுடைய உழைப்பே. தங்கள் மாட்டைக் காத்தவன் இன்னான் என்பதை நேரில் அறிந்தவர்கள், தங்கள் கையால் அந்தக் கடனைச் செலுத்தினார்கள்.

பிற்காலத்தில், முதலாம் இராசராசன் தொடங்கிச் சோழர் கல்வெட்டுக்களின் முகப்பிலே மெய்க்கீர்த்தி என்னும் அழகிய தமிழ்நடை இடம்பெறுகிறது. சரித்திர ஆசிரியர்களுக்கு அது பெருநிதியே. அதைக் குறைத்துப் பேசுவது என் கருத்தன்று. ஆயினும், வென்றவனே தன் வெற்றியைச் சொல்லச் செய்யும் இடத்தில்தான் கீர்த்தி என்பதற்கு முன்னே 'மெய்' என்றொரு சொல்லைச் சேர்க்க வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. கோவிவனுடைய கல்லுக்கு அந்த அடை தேவைப்படவில்லை.

நம் நூற்றாண்டுக்கு அணுக்கமான சான்றுக்கு வருவோம். எம். கே. தியாகராஜ பாகவதர் 1934-இல் 'பவளக்கொடி'யிலே திரையில் தோன்றிய நாள் தொட்டுப் பத்தாண்டுக் காலம் தமிழ்நாட்டில் அவருக்கு இருந்த பிரசித்தி, அதற்கு முன் எந்தப் பாடகருக்கும் வாய்த்ததன்று. இளைஞர்கள் தலைமயிரைப் பின்னே நீளவிட்டு, அதற்குப் 'பாகவதர் கிராப்பு' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1944-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. வெளியான சில வாரங்களுக்குள்ளேயே, நடிகர்களைப் பற்றிய வம்புகளை அச்சிட்டு விற்ற 'இந்துநேசன்' ஆசிரியர் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகித் தண்டனை அடைந்தனர். மேன்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947-இல் இருவரும் விடுதலையாகி வந்தனர். இடைப்பட்ட காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்: கொட்டகையின் உள்ளே பாகவதர் பாடிக்கொண்டிருக்கிறார், ஜனங்கள் மெய்மறந்து கேட்கிறார்கள், பாடியவரோ சிறையில் இருக்கிறார். புகழப்படுகிறவர் வேறு, புகழப்படும் உருவம் வேறு என்பதற்கு இதைவிடக் கொடிய நிரூபணம் வேண்டுவதில்லை. பாட்டைக் கேட்கக் காசு கொடுத்த அந்த ஜனங்களிலே எத்தனையோ பேர், முன்பு வம்பைப் படிக்கவும் காசு கொடுத்தவர்களாகத்தான் இருப்பார்கள். ஒரு கூட்டத்தின் ஒரே ஆவல் இரண்டு கடைகளிலும் சரக்கு வாங்கிற்று.

விடுதலைக்குப் பின் 'ராஜமுக்தி' தொடங்கிப் பாகவதர் நடித்த படங்கள் எடுபடவில்லை. 1959-இல், ஐம்பது வயது நிறைவதற்கு முன்பே அவர் மறைந்தார். இதை விதியின் விளையாட்டென்றும், செல்வம் சகடக்கால் போல் வரும் என்பதற்குத் திருஷ்டாந்தமென்றும் சொல்லிக் கண்கலங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டுக்காகப் படம் பார்த்த காலம் போய், வசனத்துக்காகப் படம் பார்க்கும் காலம் அப்போது வந்துகொண்டிருந்தது. 1949-இல் 'வேலைக்காரி', 1952-இல் 'பராசக்தி'. மாறியது ரசிகர்களின் செவியே. அவர்களுடைய மாற்றத்தை அவருடைய வீழ்ச்சி என்று எழுதிவைப்பது, கடன் வாங்கியவன் கணக்கைக் கொடுத்தவன் தலையில் எழுதுவது போன்றது.

அதே வழக்கு, அதே சிறை, அதே விடுதலை கிருஷ்ணனுக்கும் வாய்த்தன. ஆனால், 'நல்லதம்பி', 'மணமகள்' என்று அவருடைய படங்கள் வரவேற்கப்பட்டன. நகைச்சுவைக்குப் பருவம் மாறவில்லை என்று அதற்குக் காரணம் சொல்லலாம், அது உண்மையும் ஆகும். எனினும் 1957-இல் அவர் இறந்த பிறகு ஜனங்கள் அவரைப் பற்றிச் சொல்லிவந்தவற்றைக் கேட்டால், நகைச்சுவையைவிடக் கொடையைப் பற்றிய பேச்சே மிகுந்திருக்கிறது. இங்கே வள்ளுவர் வகுத்த வைப்பு முறை நினைவுக்கு வருகிறது. ஈகை அதிகாரத்தை அடுத்து, இல்லறவியலின் முடிவிலே, 24-ஆம் அதிகாரமாகப் புகழை அவர் நிறுத்தியிருப்பது தற்செயலன்று. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துப் பெற்ற இன்பத்துக்குக் கணக்கு அன்றிரவே தீர்ந்துவிடுகிறது. கேட்காமல் கிடைத்த உதவிக்குக் கணக்குத் தீர்வதில்லையாதலால், பெற்றவன் வாய் அதைச் சொல்லிக்கொண்டேயிருக்கிறது. 1969 ஜனவரியில், நோய் முற்றியிருந்த நிலையிலும் அறிஞர் அண்ணா தியாகராய நகருக்கு வந்து கிருஷ்ணன் சிலையைத் திறந்துவைத்தார்; அடுத்த மாதத் தொடக்கத்தில் அவரும் மறைந்தார். கல் நடுகிறவன் தன் உடம்பை வருத்தி நடுவது என்னும் பழைய முறையை அந்த நிகழ்ச்சியில் காண்கிறேன்.

இவ்வளவு சொன்ன பின்னும், என் துணிபுக்கு எதிராக நிற்கும் ஒன்றை மறைப்பது முறையாகாது. செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்கள் பலவற்றை ஊரார் வேடியப்பன் என்று வணங்குகிறார்கள். எண்ணெய் சார்த்துகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். கல்லில் நிற்பவன் யார், எந்த மாட்டுக்காக மடிந்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அறிவு அற்றுப்போயிருக்க, வணக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது. இதைப் புகழ் என்பதா, அன்று என்பதா என்று நெடுநாள் தயங்கினேன். கல்வெட்டுத் துறையினர் அத்தகைய கல்லைக் கழுவி, ஈரத்தாளைப் பதித்து, தூரிகையால் அடித்து மை ஒற்றும்போது, கறுப்பின் நடுவே வெள்ளையாக ஒவ்வோர் எழுத்தாக ஒரு மனிதனுடைய பெயர் எழும்பி வருகிறது. தலைமுறை தலைமுறையாக எண்ணெயூட்டி, பெயர்த்தெறியாமல், வழியில் கிடக்கும் கல்லாகப் போகவிடாமல் அதைக் காத்துவைத்தவர்கள், அந்தப் பெயரை ஒருநாளும் வாசித்தறியாத அவ்வூர் ஜனங்களே.