டெங்கு இல்லை, காய்ச்சலும் நிற்கவில்லை: பிள்ளையின் உடம்பில் தேடவேண்டிய கறுப்புப் பொருக்கு

மாரி தொடங்கிய பின் வடக்கில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது டெங்குதான். அதில் தவறில்லை. இரத்தம் சோதிக்கிறார்கள், டெங்கு இல்லை என்று வருகிறது, வீட்டார் ஆறுதலடைகிறார்கள். ஆனால் காய்ச்சல் நிற்பதில்லை. அமொக்சிசிலின் பாணி கொடுத்தும் ஏழாம், எட்டாம் நாளில் உடம்பு கொதிக்கிறது. இப்படி நீளும் காய்ச்சலுக்குக் காரணமாக இருக்கக்கூடிய நோய்களில் ஒன்று, எங்கள் பக்கத்தில் உண்ணிக்காய்ச்சல் எனப்படும் ஸ்கிரப் டைபஸ். யாழ்ப்பாணத்தில் இந்நோய் இருப்பதை வைத்தியர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

பெயர்தான் கொஞ்சம் ஏமாற்றுகிறது. உண்ணி என்றதும் மாட்டிலும் நாயிலும் தேடுகிறோம். உண்ணி கடித்து வரும் வேறொரு காய்ச்சலும் இலங்கையில் உண்டு. ஆனால் ஸ்கிரப் டைபஸைப் பரப்புவது மைட் எனப்படும் மிகச்சிறிய பூச்சியின் குடம்பி. கண்ணுக்கு அரிதாகவே தென்படும். பற்றைகளிலும் உயர்ந்த புல்லிலும் இருந்து, எலிகளிலும் அவ்வழியே போகும் மனிதரிலும் ஒட்டிக்கொள்ளும். கடித்தது யாருக்கும் தெரியாது. காய்ச்சல் வருவதோ ஏறத்தாழ பத்து நாட்களின் பின்.

தலையிடி, வாந்தி, வயிற்றுநோ, வறட்டு இருமல் என்று எந்தக் காய்ச்சலுக்கும் பொருந்தும் அறிகுறிகளே இதற்கும். இரத்தத் தட்டுகள் குறைவதால் டெங்கு போலவும் தோன்றும். கைக்குழந்தைக்குத் தலையிடிக்கிறது என்று சொல்லவும் தெரியாது. பால் குடிக்காமல் அழும், அல்லது சோர்ந்து கிடக்கும். நோயை உறுதிசெய்யும் பிறபொருளெதிரிப் பரிசோதனை கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் செய்யப்படுகிறது. ஆனால் முதல் வாரத்தில் எடுத்த இரத்தத்தில் அது பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. அதனால் முடிவு வரும்வரை காத்திராமல், சந்தேகத்தின் பேரிலேயே வைத்தியர்கள் மருந்தைத் தொடங்குகிறார்கள்.

அந்தச் சந்தேகத்துக்கு வலுவான சான்று பிள்ளையின் தோலில் இருக்கலாம். பூச்சி கடித்த இடம் சிறு பருவாகிப் புண்ணாகி, நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிவரச் சிவப்பும் கொண்டிருக்கும். சிகரெட்டால் சுட்ட அடையாளம் போல. நோகாது, கடிக்காது, அதனால் பிள்ளை முறையிடாது. இருக்கும் இடங்களும் மறைவானவை: கமக்கட்டு, கவட்டுப் பகுதி, விதைப்பை, காதின் பின்புறம், கழுத்து மடிப்பு, தொப்புள், காற்சட்டை இறுக்கும் இடுப்பு. சட்டையை உயர்த்தி நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கும்போது இது தென்படாது. பிள்ளையை முழுதாக உடுப்புக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். கூட்டம் நிறைந்த ஓ.பி.டி.யில் அதற்கு நேரம் கிடைப்பது அரிது. குளிப்பாட்டி உடுப்பு மாற்றும் தாய்க்கோ அம்மம்மாவுக்கோ கிடைக்கும். ஓரிடத்தில் நெறி கட்டியிருந்தால் அதனைச் சுற்றித் தேடுங்கள். பொருக்கு காணப்படாததால் மட்டும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. பலருக்கு அது வருவதேயில்லை.

“கடந்த இரண்டு கிழமையில் எங்கேயாவது போனீங்களா?” என்று வைத்தியர் கேட்டால், “ஒரு இடமும் போகேல்லை” என்பதே பெரும்பாலும் எங்கள் பதில். விடுவிக்கப்பட்ட காணியைத் துப்புரவாக்கப் பிள்ளைகளையும் கூட்டிச்சென்றதை யாரும் பயணமாக எண்ணுவதில்லை. சொந்த வளவு அல்லவா! ஆட்கள் இல்லாமல் பல வருடங்கள் பற்றை மூடிக் கிடந்த நிலம் இப்பூச்சிக்கு ஏற்ற இடம். அங்கே போனதையும், பிள்ளையைப் பாய் விரித்துக் கிடத்தியதையும், துணிகளைப் புல்லில் காயப்போட்டதையும் கட்டாயம் சொல்லுங்கள். காய்ச்சல் தொடங்கிய திகதியையும் கொடுத்த மருந்துகளையும் ஒரு துண்டில் எழுதிச் செல்லுங்கள்.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. தடுப்பூசியும் இல்லை. பென்சிலின் வகை மருந்துகள் இதற்கு வேலை செய்யா. டொக்சிசைக்கிளின் அல்லது அசித்ரோமைசின் தேவை. எது, எவ்வளவு என்பதை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். தாமதித்தால் நுரையீரல், மூளை, இதயம் என்று பாதிப்புப் பரவி உயிராபத்தாகலாம். மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், எழுப்பியும் பிள்ளை தூங்கிவழிந்தால், சிறுநீர் குறைந்தால் அந்த நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சரியான மருந்து உரிய நேரத்தில் தொடங்கினால், பெரும்பாலும் 48 மணித்தியாலத்துக்குள் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் வைத்தியர் வேறு நோயைத் தேடத் தொடங்குவார்.