ஓலியமைடு: உறக்கத்தின் பெயரில் ஓர் எண்ணெய்

மலாக்காவின் ஜாசினில் என்னிடம் டியூஷன் படிக்கும் பெண் நோட்டில் ‘ஒலியமைடு’ என்று எழுதிவிட்டு, “இது சத்தம் சம்பந்தப்பட்டதா டீச்சர்?” என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. தமிழ்க் கண்ணுக்கு ‘ஒலி’ ஓசைதான். ஆனால் ஓலியமைடு உறக்கத்தோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருள். பெயரின் வேரோ எண்ணெயில் இருக்கிறது.

தூங்கவிடாமல் விழிக்க வைத்த பூனைகளின் மூளைத் தண்டுவட நீரில் ஒரு கொழுப்புப் பொருள் சேர்வதையும், அவை தூங்கித் தெளிந்ததும் அது மறைவதையும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தார் கண்டு, 1994இல் ‘செரிப்ரோடையீன்’ என்று பெயர் வைத்தார்கள். ‘செரிப்ரம்’ இலத்தீனில் மூளை. மறு ஆண்டே கட்டமைப்பு பிடிபட்டது: ஓலியிக் அமிலத்தின் அமைடு. ஆய்வகத்தில் செய்து எலிகளுக்குச் செலுத்தியபோது அவையும் உறங்கின. மூளையின் பெயர் போய் எண்ணெயின் பெயர் நிலைத்தது.

கிரேக்கத்தில் ‘எலாயோன்’ ஒலிவ எண்ணெய். அது இலத்தீனில் ‘ஓலியம்’ ஆகி, எல்லா எண்ணெய்க்கும் பொதுவானது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் கொழுப்புகளைப் பிரித்து ஆராய்ந்தபோது ஓலியிக் அமிலத்துக்கு அதிலிருந்தே பெயரெடுத்தார்.

நம் சொல்லும் இதே வழியில்தான் நடந்தது. எள்ளின் நெய் எண்ணெய். பிறகு தேங்காயிலிருந்து வந்ததும் எண்ணெய், மண்ணிலிருந்து வந்ததும் எண்ணெய். பெயர் ஊர்ப்பொதுவானதும், அதற்கு உரிய எள் நெய்க்கே ‘நல்ல’ என்று அடைமொழி தேவைப்பட்டது. நல்லெண்ணெய் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த எள்மணியின் மேல் ஒரு பரிவு வரும்.

எலாயோன் எங்கள் வாசலுக்கும் வந்திருக்கிறது. 1763இல் தாவரவியலாளர் ஜாக்குவின் ஒரு பனைக்கு ‘எலையிஸ் கினியென்சிஸ்’ என்று பெயரிட்டார். 1896இல் தோட்ட முதலாளி டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட மலாக்காவில், பின்னாளில் எத்தனையோ பால்மரக் காடுகளை அழித்து நட்டது அந்தப் பனையைத்தான். கிரேக்கப் பெயர் எண்ணெயைப் பார்த்தது, நம் மக்கள் ‘செம்பனை’ என்று நிறத்தைப் பார்த்தார்கள். உதிர்ந்த பழமொன்றை நகத்தால் கீறுங்கள்: ஆரஞ்சு நார், விரலெல்லாம் பிசுபிசுப்பு. அந்த எண்ணெயில் ஏறக்குறைய 40 விழுக்காடு ஓலியிக் அமிலம்.

அதற்காகச் செம்பனை எண்ணெய் தூக்கம் தருமென்று எண்ணிவிடக் கூடாது. மூளை தனக்கு வேண்டிய ஓலியமைடைத் தானே உண்டாக்குகிறது, அதைச் சிதைக்கும் நொதியையும் தானே வைத்திருக்கிறது.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மதியம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, லயத்துத் திண்ணையில் தலை சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவார். பூனைகளைப் பற்றிப் படித்தபோது அந்தத் திண்ணைதான் நினைவில் வந்தது.

அந்தப் பெண்ணின் நோட்டில் ‘ஒ’வைச் சுழித்து ‘ஓ’ ஆக்கிக் கொடுத்தேன். ஆங்கில உச்சரிப்பும் நெடில்தான். ஓலியமைடு என்றே எழுதுவோம், ஓசையோடு குழம்பாது.