மஞ்சள் காமாலையை இனம் பிரித்தறிந்த வரலாறு

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. இந்த வறட்சியே தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் இங்கு வேரூன்றக் காரணம். தண்ணீரைத் தொட்டியிலும் குடத்திலும் நாள்கணக்கில் பிடித்து வைத்துக் குடிக்கும் வழக்கத்துக்கும் அதுவே காரணம். அந்த நீரில் கழிவு கலந்தால் மஞ்சள் காமாலை பரவும். கண்ணும் சிறுநீரும் மஞ்சளாவதைக் கொண்டு காமாலை என்று ஊர்ப் பெரியவர்களே சொல்லிவிடுவர். அதை உண்டாக்கியது எந்தத் தீநுண்மி (வைரஸ்) என்பது கண்ணுக்குத் தெரியாது. மருத்துவ உலகமே இதில் கால் நூற்றாண்டு காலம் ஏமாந்திருந்தது.

1955 இறுதியில் தில்லியில் யமுனை வெள்ளத்துக்குப் பின், நஜஃப்கர் ஓடையின் சாக்கடை நீர் வசீராபாத் நீரேற்று நிலையத்தில் புகுந்தது. குளோரின் கூட்டிக் கலக்கப்பட்டதால் டைஃபாய்டு பெருகவில்லை. ஆயினும் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. கர்ப்பிணிகள் மற்றவர்களைவிட அதிகம் இறந்தனர். நீரால் பரவியதால் இதை இன்று ஹெபடைட்டிஸ்-ஏ எனப்படும் நோயாகவே கருதினர்.

ஹெபடைட்டிஸ்-ஏ வைரஸ் 1973இல் கண்டறியப்பட்டது. அதற்கான இரத்தப் பரிசோதனை வந்தபின், தில்லி நோயாளிகளிடம் எடுத்துப் பாதுகாக்கப்பட்டிருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்து, அது ‘ஏ’ அன்று என 1980இல் அறிவித்தனர். 1978இல் காஷ்மீரில் பரவிய காமாலையை ஆராய்ந்த மருத்துவர் குரூவும் இது வேறு நோய் என்றார். 1983இல் சோவியத் அறிஞர் பலாயன், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தாமே குடித்து, காமாலை கண்டு, புதிய வைரஸை நிறுவினார். துணிச்சல் என்பதா, முரட்டுத்தனம் என்பதா! அதுவே ஹெபடைட்டிஸ்-ஈ.

காமாலை மிகுந்த நாட்டில் சோதனை முடிவைப் படிப்பதிலும் சிக்கல் உண்டு. பலருக்குச் சிறுவயதிலேயே ‘ஏ’ வந்து போயிருக்கும், அதன் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் ஆயுள் முழுதும் இரத்தத்தில் இருக்கும். ஆகவே இப்போது வந்த நோயை அறிய ஐ.ஜி.எம். சோதனையே வேண்டும். ‘பி’ வைரஸின் மேற்பரப்புப் பொருள் இருப்பதாக முடிவு வந்தாலும், அவர் நெடுநாளாக அதைச் சுமப்பவராக இருக்கலாம். இன்றைய காமாலை ‘ஈ’யால் வந்திருக்கலாம். பிலிருபின் அளவு நோயின் கடுமையைக் காட்டுமேயன்றி வைரஸின் பெயரைச் சொல்லாது. கர்ப்பிணிக்குக் காமாலை கண்டால் ‘ஈ’ சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

தமிழகத்தில் காமாலை என்றதும் கீழாநெல்லியே கைக்கு வரும். ‘ஏ’, ‘ஈ’ இரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிவதால் பெயர் மூலிகைக்குப் போய்விடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராசன், ‘பி’ வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க் முதலியோர் 1988இல் வெளியிட்ட கீழாநெல்லி ஆய்வு, ‘பி’யை நெடுநாள் சுமப்பவர்களைப் பற்றியது. மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம் மேற்பரப்புப் பொருள் மறைந்ததாக அது கூறியது. பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை.