நல்கை எண்ணும் ஆய்வின் வரலாறும்

ஆய்வுக் கட்டுரையின் இறுதியில், துணைநூற்பட்டியலுக்குச் சற்று முன்னே, நிற்கும் நன்றியுரையைப் பெரும்பாலோர் வாசிப்பதில்லை. நெறியாளருக்கும் ஆய்வகத் தோழர்களுக்கும் நன்றி கூறியபின், நிதி நல்கிய அரசு அமைப்பின் பெயர் ஒரு வரியில் வந்துபோகும். நல்கை எண் பல வேளைகளில் விடுபட்டிருக்கும். அவ்வரி வெறும் சடங்கென்று கருதப்படுகிறது. ஆனால், பொதுப்பணத்திற்குக் கணக்குச் சொல்லும் கடமை அறிவை எவ்வாறு காத்தது என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு.

சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த இராமானுசனுக்கு 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கணிதப் பாடக்குழுவிற்கு அறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை. 1914இல் இங்கிலாந்து செல்லுமுன் அவர் மூன்று அறிக்கைகள் அளித்தார். தம் குறிப்பேடுகளில் பெரும்பாலும் முடிவுகளை மட்டுமே எழுதிவைத்தவர், இவ்வறிக்கைகளில் தாம் சென்ற வழியையும் விளக்கினார். பின்னாளில் ‘இராமானுசனின் தலைமைத் தேற்றம்’ எனப் பெயர்பெற்ற முடிவு இவற்றில்தான் விரிவாக அமைந்துள்ளது. மூலப்படிகள் இன்று கிடைக்கவில்லை. 1925இல் எடுக்கப்பட்ட கைப்படி எஞ்சியமையால் அவ்விளக்கம் நம்மை வந்தடைந்தது.

1942இல் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றமும் (சி.எஸ்.ஐ.ஆர்.), 1971இல் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தோன்றின. ஆய்வு நல்கை பரவலாயிற்று. கணக்கும் படிவங்களுக்குள் சென்றது. இன்று ஆய்வாளர் ஆண்டுதோறும் அளிக்கும் பயன்பாட்டுச் சான்றிதழ், பணம் எத்தலைப்பில் செலவாயிற்று என்று கூறும். அப்பணத்தால் என்ன அறியப்பட்டது என்று கூறாது. அந்த இணைப்பைப் பொதுவெளியில் நிலைநிறுத்துவது நன்றியுரை ஒன்றே. அலுவலகக் கோப்புகள் காலக்கெடு முடிந்ததும் கழிக்கப்படும்; ஆய்விதழ் நூலகத்தில் நிலைக்கும்.

அமைப்புகளின் பெயரும் நிலைப்பதில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துள் அடங்கியது. பழைய வாரியத்தின் நிதியால் விளைந்த கட்டுரைகள் புதிய அமைப்பின் காலத்திலும் வெளிவருகின்றன. வழங்கிய அமைப்பின் அன்றைய பெயரும் நல்கை எண்ணும் இல்லையெனில், எத்திட்டம் எதனை விளைவித்தது என்று பின்வருவோர் அறிய இயலாது.

வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளம் 2008 முதல் நன்றியுரையில் உள்ள நிதிக் குறிப்புகளையும் தொகுத்து வருகிறது. எனவே ஒரு நல்கையின் பயனைத் தேடுவோர் முதலில் காண்பது இவ்வரியையே. எண்ணை விடுவது எவ்வாறு பிழையோ, அவ்வாறே தொடர்பில்லாத நல்கையின் எண்ணைச் சேர்ப்பதும் பிழை. அது முடிவறிக்கையைப் பெரிதாக்கும், ஆவணத்தைப் பொய்யாக்கும்.

அடிப்படை ஆய்வுக்கு மக்கள் வரிப்பணம் எதற்கு என்ற வினா நிதிநிலை அறிக்கைதோறும் எழுகிறது. அதற்கு விடைதேடுவோர்க்குத் தேவையான சான்றை ஒவ்வோர் ஆய்வு மாணவரும் தம் கட்டுரையின் ஒரு வரியில் விட்டுச்செல்ல முடியும். நல்கை ஆணையை எடுத்து, அமைப்பின் பெயரையும் திட்டத்தையும் எண்ணையும் ஒப்புநோக்கி எழுதச் சில நிமிடங்கள் போதும்.